பிரேக் அண்ணனுக்கு வீடு பார்த்தோம்

எங்கள் குழுவின் வேனை ஓட்டியவரைப் பற்றி எழுதப் போகிறேன். தலைவர் அம்மாவைப் பற்றி எழுத நாலு பேர் இருக்கிறார்கள். பேராசிரியரைப் பற்றி அவரே எழுதிக்கொள்வார், அதுவும் அடிக்குறிப்புகளோடு. ஓட்டுநரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக் அண்ணன். சாலையில் ஒரு காக்கை நடந்தால் பிரேக். எங்கோ தூரத்தில் பள்ளிக்கூடப் பலகை தெரிந்தால் பிரேக். ஒன்றுமே இல்லாத நேர் சாலை என்றால், "ஏதாவது வந்துட்டா?" என்று அதற்கும் ஒரு பிரேக். நான் குழுவின் சுருக்கெழுத்தாளர். கூட்டத்தில் எடுத்த குறிப்பைப் பின்சீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டே வருவேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் மடிக்கணினி முன்சீட்டில் போய் முட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"உசுரோட தானே இருக்கோம் தங்கச்சி?"

"நான் இருக்கேன். என் மடிக்கணினி இருக்குமான்னுதான் தெரியல."

குழுவை அமைத்தது மாநில அரசு. வாடகை ஏன் சம்பளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது, வீடில்லாமல் இருப்பவர்கள் யார் யார், அவர்களுக்கு அரசு என்ன செய்யலாம் என்று ஓராண்டுக்குள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். தலைவர் அம்மா பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பேராசிரியர் பொருளாதாரம். அப்புறம் ஒரு புள்ளியியல் அதிகாரி; சின்ன வயசு, அவனை எல்லோரும் 'புள்ளி' என்றே கூப்பிடுவோம். நாங்கள் ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் சொன்னதையெல்லாம் நான் எழுதினேன். பிரேக் அண்ணன் வெளியே வேன் நிழலில் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வீடு கிடையாது. வீடில்லாதவர்களைத் தேடி நாங்கள் மாநிலம் முழுக்கச் சுற்றியது ஒரு வீடில்லாதவர் ஓட்டிய வண்டியில்தான். இதைக் கதையின் கடைசியில் வைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நடந்தது இதுதான். அவரும் அண்ணியும் ஒரு பழைய கட்டடத்தில் ரெண்டு அறையில் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்; அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்தை யாரோ வாங்கினார்கள், இடித்தார்கள். பக்கத்தில் வேறு வீடு பார்க்கப் போனால் வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டுகிற வாடகைக்கு வீடு வைத்திருந்தவர்களோ, "நிரந்தர வேலையா?" என்று கேட்டார்கள். இவருடையது ஒப்பந்த வேலை. கொஞ்ச நாளைக்குத்தானே என்று அண்ணி தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். "எனக்கு ஆபீஸ்லயே ரூம் குடுத்துட்டாங்க" என்று இவர் அண்ணியிடம் சொல்லிவிட்டார். அலுவலகம் கொடுத்தது வேனை மட்டும்தான். கொல்லைப்புறத்தில் வேனை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்துக்கொள்வார். காவலாளி கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

எனக்கு இது தெரிந்தது நான் சீக்கிரம் வருகிற ஆள் என்பதால். ஒரு நாள் காலையில் பக்கக் கண்ணாடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பானெட்டின் மேல் சவரக் கிண்ணம். முகத்தில் பாதி நுரையோடு அவர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி. முக்கியமா உங்க அண்ணிக்குத் தெரியக் கூடாது. அவ மனசு ஒடிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அழுக்குத் துணி மூட்டையோடு அண்ணியைப் பார்க்கப் போவார். மச்சான் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். அண்ணி சமையலறை வாசலில் நிற்பார். "நல்லா இருக்கியா?" "இருக்கேன். நீங்க?" "எனக்கென்ன." அவ்வளவுதான். கிளம்பிவிடுவார்.

"ஜெயில்ல மனு போட்டுப் பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கு தங்கச்சி" என்று சிரிப்பார். சிரிக்கிற விஷயமா இது? ஆனால் அவர் சொன்னால் நானும் சிரித்துத் தொலைப்பேன்.

பேராசிரியர்தான் இந்தக் குட்டை உடைத்தார். ஒரு சாயங்காலம் மூக்குக்கண்ணாடியை வேனில் விட்டுவிட்டு வந்தவர், திரும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்திருக்கிறார். தலையணை, போர்வை, ஒரு சின்னப் பாத்திரம், கம்பியில் தொங்கும் ரெண்டு பனியன்.

"இது என்னப்பா, வேனா, வீடா?"

"ரெண்டும்தான் சார்."

மறுநாள் வேனில் ஒரே அமர்க்களம். பேராசிரியருக்குத் தூக்கமே வரவில்லையாம். கவலையால் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேக் அண்ணனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல்! வாகனத்தில் உறங்குபவர் வீடில்லாதவர் என்றார் அவர். "சார், ஆனா இது அரசாங்க வண்டி. அரசாங்க இடத்துல நிக்குது. அப்படிப் பாத்தா அரசுக் குடியிருப்பு" என்றான் புள்ளி. குடியிருப்பு என்றால் சக்கரம் இருக்குமா என்றார் பேராசிரியர். சக்கரம் கூடாது என்று நம் வரையறையில் எங்கே இருக்கிறது என்றான் புள்ளி. ரெண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டே வந்தார்கள். சம்பந்தப்பட்ட ஆள் முன்னால் உட்கார்ந்து, இவர்கள் பேச்சைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா ரெண்டு பேரும்?" என்று கத்திவிட்டேன். "அந்த மனுஷனுக்கு இந்த மாசக் கடைசிக்கு மேல படுக்க இடமில்ல. பிரிவு பாக்கறாங்களாம் பிரிவு!"

அது உண்மை. குழுவின் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்ததும் வேனும் அவருடைய வேலையும் அரசுப் பணிமனைக்குப் போய்விடும். அங்கே சாயங்காலமானால் பூட்டிவிடுவார்கள். பேராசிரியர் முகம் சுண்டிப்போய்விட்டது. நல்ல மனுஷர்தான், படிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. முன்சீட்டுப் பக்கம் குனிந்து, "தப்பா எடுத்துக்காதப்பா" என்றார். தலைவர் அம்மா சொன்னார்:

"அறிக்கை என்னிக்கு வேணா வரட்டும். அதுக்கு முன்னாடி இவருக்கு ஒரு வீடு பாக்கறோம். நாம எல்லாரும் கூடப் போவோம். நாம சொன்னா ஒப்பந்த வேலை அது இதுன்னு யாரும் பேச மாட்டாங்க."

எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள். அது எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்கிறேன்.

அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மரங்கள் உள்ள ஒரு தெருவில், மாடி காலி என்று ஒரு வீட்டில் பலகை தொங்கியது. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். நாங்கள் ஐந்து பேரும் அரசு முத்திரை போட்ட வெள்ளை வேனில் போய் இறங்கினோம். அந்த அம்மா சிரித்த முகமாகத்தான் கதவைத் திறந்தார். பிரேக் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், கைகட்டி, கடைசியில் நின்றார்.

பேராசிரியர் ஆரம்பித்தார். "வணக்கம்மா. மாடி எவ்வளவு நாளா காலியா இருக்கு? கடைசியா வாடகையை எத்தனை சதவீதம் ஏத்துனீங்க?"

வேண்டுமென்றே கேட்கவில்லை. ஓராண்டாகக் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. புள்ளி அதற்குள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வராந்தாவை அளக்க ஆரம்பித்துவிட்டான். அறையின் பரப்பளவை எழுதாமல் அவனால் இருக்க முடியாது. தலைவர் அம்மா மாடிப்படியைத் தட்டிப் பார்த்து, "மாடி கட்ட முறையா அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்றார். படி இடிந்து யாரும் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறை.

வீட்டுக்கார அம்மாவின் சிரிப்பு ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா எழுதுற?"

அப்போதுதான் பார்த்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது, இவர் கேட்டது, எல்லாம் சுருக்கெழுத்தில் சுழித்துச் சுழித்து!

"ரெய்டா?" என்றார் அந்த அம்மா. "மாடியைப் புடுங்கிக்க வந்திருக்கீங்களா? வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. போங்க எல்லாரும்!"

கதவைப் படாரென்று சாத்தினார். பலகையையும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்த தெருவுக்குப் போனோம். அங்கே ஒருவர் எங்கள் வேனைப் பார்த்ததும் 'வாடகைக்கு' பலகையைக் கவிழ்த்து வைத்தார். அதற்கடுத்த தெருவில் பலகை மாட்டிய ஆணி மட்டும் இருந்தது. அண்ணன் வண்டி ஓட்டுகிற வேகம் அப்படி. சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது பிரேக் அண்ணன் எல்லோரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டார். கடைசியாக நான்.

"விடுங்க தங்கச்சி" என்றார். "பணிமனை பக்கத்துல டிரைவருங்க தங்குற கொட்டகை ஒண்ணு இருக்கு. ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன்."

"அண்ணி?"

"கொட்டகைல பொம்பளைங்க தங்க முடியாதே. அவ அங்க சௌகரியமாத்தான் இருக்கா. தனி ரூம் குடுத்திருக்காங்களாம். பெரிய ஜன்னலாம். அதை விட்டுட்டு என்கூட வந்து எதுக்குக் கஷ்டப்படணும்?"

அவர் சிரிக்காமல் பேசி நான் அன்றுதான் கேட்டேன். ராத்திரி முழுக்க என்னையும் பேராசிரியரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டேன். விடிந்ததும் நேராக அந்த வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். சமாதானம் பேசப் போனேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் சண்டைக்குத்தான் போனேன்.

"நீங்க நினைக்கிற மாதிரி நாங்க ரெய்டு இல்லம்மா" என்று ஆரம்பித்து, பிரேக் அண்ணனுடைய பழைய வீடு, வேன், தலையணை, மாசக் கடைசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆளோட சம்சாரம் எங்க?"

"அவங்க அண்ணன் வீட்டுல..."

"வீடு பாக்க அஞ்சு பேரு வந்தீங்க. அளந்தீங்க, தட்டுனீங்க, எழுதுனீங்க. குடியிருக்கப் போறவ ஒருத்தி, அவளைக் கூட்டிட்டு வரணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

எத்தனை ஊர், எத்தனை கூட்டம்! நாங்கள் ஐந்து பேர், அதில் ரெண்டு பேர் பெண்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லைதான். சண்டைக்குப் போனவள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினேன்.

அங்கிருந்து நேராக அண்ணியின் அண்ணன் வீடு. அண்ணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒல்லியாக இருப்பார் என்று ஏனோ நினைத்திருந்தேன். நல்ல வாட்டசாட்டமாக, கணீரென்ற குரலோடு இருந்தார். ஆனால் அந்தக் குரலை அடக்கி அடக்கிப் பேசினார். வீட்டு ஆட்கள் எல்லோருடைய துணியையும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். குளியலறைக்குப் போகும் வழியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், சுருட்டி வைத்த ஒரு பாய். அதன் மேல் அவருடைய பை.

நான் பாயைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"தனி ரூம்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். போட்டுக் குடுத்துடாதம்மா."

"ஜன்னல்?"

"மெஷின்ல வட்டமா ஒரு கண்ணாடி இருக்குல்ல?" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "அவரு வேன்ல படுக்கிறது எனக்குத் தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"சட்டை சொல்லுச்சு. வாராவாரம் துவைக்கிறது நான்தானே. மூட்டை முழுக்க டீசல் வாடை. ஆபீஸ் ரூம்ல ஏது டீசல்? கேட்டா அந்த மனுஷன் கூசிப் போயிடுவாருன்னு கேக்கல."

ஒரு வருஷம்! அவர் மனசு ஒடிந்துவிடும் என்று இவர், இவர் மனசு ஒடிந்துவிடும் என்று அவர். எனக்கு அடுத்தவர் பேச்சை எழுதத்தான் தெரியுமே தவிர மறைக்கத் தெரியாது. ரெண்டு ரகசியத்தையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அண்ணி, இஸ்திரிப் பெட்டியைக் கீழ வைங்க. வீடு பாக்கப் போறோம்" என்றேன்.

பேருந்தில் போனோம். அந்த வேன் அந்தப் பக்கம் தலைகாட்டினால் தெருவே கதவைச் சாத்தும். வழியில் பிரேக் அண்ணனுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னேன். எங்களுக்கு முன்னால் வந்து, தெருமுனையில் ஒளிந்து நின்றார்; அவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

மாடியில் அண்ணி வீடு பார்த்தார் பாருங்கள், அதைத்தான் வீடு பார்ப்பது என்று சொல்ல வேண்டும். குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். கதவை மூடிவிட்டு இருட்டில் நின்றார். சமையலறையில் சும்மா நின்று, இல்லாத பாத்திரங்களை எடுப்பதும் வைப்பதுமாகக் கையை வீசிப் பார்த்தார். "அலமாரி ரொம்ப உசரம்" என்றார். "குளியலறைக் கதவு தரையில இழுக்குது." கிடைக்காமல் கிடைத்த வீட்டை இவள் வாயாலேயே கெடுத்துவிடுவாள் போலிருக்கிறதே என்று பிரேக் அண்ணன் என்னிடம் கண்ணாலேயே கெஞ்சினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கதவை இழைச்சுத் தரச் சொல்றேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. "தையல் மெஷின் வச்சிருக்கியாமே. சத்தம் வருமா?"

"வரும். ஆனா தூங்குற நேரத்துல ஓட்ட மாட்டேன்."

"அது வரட்டும் பரவாயில்ல. முன்னாடி இருந்தவங்க படியில பாத்தாத் தலையை ஆட்டறதோட சரி. வீடு செத்துக் கிடந்துச்சு. எனக்கு வாய் உள்ள ஆளா வேணும்."

"அதுக்கு என்கிட்ட பஞ்சமில்லம்மா" என்றார் அண்ணி. பிறகு வாடகைப் பேச்சு. அண்ணன் சம்பளம் இவ்வளவு, தையலில் வருவது இவ்வளவு, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்கே ஒத்துக்கொண்டார். முன்பணத்தை ரெண்டு தவணையாகக் கொடுங்கள் என்றார். முடிந்தது.

குடிபோகும் நாள் விடுமுறை. சாமான் ஒரு குட்டி வண்டியில் வந்தது. குழு முழுக்க வந்துவிட்டது. பேராசிரியர் ரெண்டு கையிலும் வாளி. புள்ளி தையல் மெஷினைத் தூக்குவதற்கு முன்னால் படியின் அகலத்தை அளந்தான். திருந்துகிற பிள்ளை இல்லை. தலைவர் அம்மா சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதட்டினார். வீட்டுக்கார அம்மாவே வந்து நடுவில் நின்று, எது முதலில் மேலே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அண்ணனும் அண்ணியும் பெருக்குவதற்காக முதலில் மேலே போனார்கள். அன்று காலையில்தான் என் வாய் சும்மா இருக்க மாட்டாமல், வாஷிங் மெஷின் விஷயத்தை அண்ணனிடம் உளறியிருந்தேன். நாங்கள் பாதிப் படி ஏறுவதற்குள் மேலே வெடித்தது.

"தனி ரூமா? ஜன்னலா? பொய்யி! வருஷம் பூரா பொய்யி!"

"யாரு, நானா? நீ மட்டும் யோக்கியமா? ஆபீஸ்ல ரூமு குடுத்தாங்கன்னு நாக்கு கூசாம சொன்ன ஆளு யாரு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க அண்ணன் மூஞ்சியில முழிச்சிருப்பேனா? வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்!"

"எங்க? வேனுக்கா?"

"வேனுக்குத்தான்!"

"வந்திருப்பேன்யா! நீ கூப்பிட்டிருந்தா வேனுக்கே வந்திருப்பேன்! கூப்பிடலையே நீ!"

அண்ணியின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. என்ன குரல்! இவ்வளவு நாள் அதை எங்கே மடித்து வைத்திருந்தார்? பேராசிரியர் வாளிகளோடு அப்படியே உறைந்துபோய், "யாராவது போய்த் தடுக்கணுமா?" என்று கிசுகிசுத்தார். தலைவர் அம்மா மேலே போகக் காலெடுத்து வைத்தார். நான் கையை நீட்டி மறித்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது, வந்ததும் வராததுமா? இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"இல்லம்மா" என்றேன். "ஒரு வருஷமா அவங்களுக்குச் சண்டை போட இடமில்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். உள்ளே போய் ரெண்டு நாற்காலியைக் கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டார். "முடியட்டும். உக்காருங்க" என்றார். தலைவர் அம்மாவும் பேராசிரியரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நானும் புள்ளியும் படியில். பேராசிரியர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

மேலே குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அழுகை மாதிரி ஒன்று கேட்டது. அண்ணியா அண்ணனா என்று தெரியவில்லை; அண்ணன்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தார்கள். குழாய் திறந்து முகம் கழுவுகிற சத்தம். எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, துடைத்துக்கொண்டேன்.

மாடிக் கதவு திறந்தது. அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண் ரெண்டும் சிவந்து, தலையை நீட்டி எங்களைப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் படியிலயே உக்காந்துட்டீங்க?" என்றார் அந்த முழுக் குரலில். "வீட்டுக்குள்ள வாங்க!"

நாங்கள் ஆளுக்கொரு சாமானைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.